யாரானாலும் பொருந்தும்

ஆகஸ்ட் 21, புதன்

தோழி ஜெசிந்தா, தான் வேலை பார்க்கும் கல்லூரியில் கொடுத்த டைரியை என் தலையில் கட்டிவிட்டாள். ஆண்டு பாதிக்கு மேல் ஓடிவிட்டது, இப்போது எதற்கு என்று கேட்டால், "எழுதுட்டி. எழுதினாத்தான் நாள் போறது தெரியும்" என்கிறாள். ஆறு வருடமாக ஒரே தீசிஸை எழுதிக்கொண்டிருப்பவளுக்கு நாள் போவதைத் தவிர வேறு என்ன தெரியும்?

இன்று அமலோற்பவம் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். என் நெறியாளர் அவர்தான். "செப்டம்பர் முப்பதுக்குள்ள தீசிஸ் ஆபீசுக்குப் போகணும் வடிவு. இல்லன்னா பதிவு ரத்து. இது ஒண்ணும் ராஜகோபுரம் இல்ல, தலைமுறை தலைமுறையா கட்டுறதுக்கு" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதோ டாக்டர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாள் என்ன படிக்கிறேன் என்று கேட்டாள். கம்ப்யூட்டர் என்றேன். "எம் மவனும் கம்ப்யூட்டர்தான். பிரிண்டர் ரிப்பேரு பாக்கான். ஒனக்கு ஒண்ணும் சரியா அமையலயோ?" என்றாள். பாளையங்கோட்டை வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தீசிஸின் முதல் பக்கம் "உங்க அம்மாவுக்குப் புரியிற மாதிரி" இருக்கவேண்டும் என்று மேடம் உத்தரவு. சரி, அம்மாவிடமே முயன்று பார்ப்போம் என்று சமையலறைக்குப் போனேன்.

"எம்மா, அடுக்கி வச்ச தட்டுக்கு மேல இன்னொரு தட்டு வைக்கேன். பெறவு மேல இருக்கிறத எடுத்துடுதேன். என்ன மிஞ்சும்?"

"பழைய அடுக்கு."

"அவ்வளவுதாம்மா என் ஆராய்ச்சி."

"இதுக்கா ஆறு வருசம்?"

இதற்குப் பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். அடுக்கு எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது என்றெல்லாம் சொல்லாமல், வைத்து எடுத்தால் பழையபடி இருக்கவேண்டும் என்று விதியை மட்டும் எழுதுவது ஒரு வழி. அது கணிதக்காரர்கள் வழி. அதே அடுக்கைக் கணினியில் நிரலாக எழுதுவது இன்னொரு வழி. அது ஜெசிந்தா மாதிரி ஆட்களின் வழி. அவர்கள் எழுதும்போது தட்டுக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதமாட்டார்கள். உள்ளே வரப்போகிறவர் பெயரை "டி" என்ற ஒற்றை ஆங்கில எழுத்தோடு காலியாக விட்டுவிடுவார்கள். ஜெனரிக் என்று அதற்குப் பெயர். தட்டு, புத்தகம், தலையணை, யார் வந்தாலும் அதே நிரல்.

விதியில் இருக்கும் எந்தச் சொல்லுக்கு நிரலில் இருக்கும் எந்தச் செயல் ஜோடி என்று ஓர் அட்டவணை போட்டால், இரண்டையும் ஒத்துப்பார்க்கலாம். தீசிஸில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. நானும் ஜெசிந்தாவும் பொருத்தம் என்றுதான் சொல்வோம். பொருத்தத்தை வாங்கிக்கொண்டு, நிரல் விதியை மீறுகிறதா என்று குடைந்து குடைந்து சோதிக்கும் கருவி ஒன்று செய்திருக்கிறோம். அதன் பெயர் மாமியார். மேடத்துக்கு இந்தப் பெயர் தெரியாது.

என் தேற்றம் இதுதான்: டி-யின் இடத்தில் முழு எண்களை வைத்து மாமியார் சோதித்து, குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு யார் வந்தாலும், அவர்களைச் சிறியது பெரியது என்று வரிசைப்படுத்த முடிகிறவரை, நிரல் விதியை மீறாது. யாரானாலும் பொருந்தும்.

அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு, "யாரானாலுமா? அது எப்பிடிட்டி? ஆளப் பாக்காண்டாமா?" என்றாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தரகர் ஆதிமூலம் அண்ணாச்சி காலையிலேயே போன். அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். போனை எடுத்தால் முப்பது வருட சர்வீஸும் குரலில் இறங்கிவிடும். எதிரில் இருப்பவர் பணிவாகிவிடுவார்.

மதுரை மாப்பிள்ளை ஒருவராம். பேங்க் வேலை. "பேங்க்ல மாத்திக்கிட்டே இருப்பானே அண்ணாச்சி. இன்னிக்கி மதுர, நாளைக்கி மணிப்பூரு" என்று வைத்துவிட்டாள். போன மாதம் வந்த டாக்டர் மாப்பிள்ளைக்குத் தங்கைகள் அதிகம். அதற்கு முந்தினவர் மூக்கு சரியில்லை. மூக்கு எனக்குப் பிடித்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

அம்மாவின் அவசரத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எனக்கு முப்பத்திரண்டு ஆகிறதாம், தெருவில் எல்லோரும் கேட்கிறார்களாம். நல்லவேளை, தீசிஸ் இருக்கிறது. "முடியட்டும், பாக்கலாம்" என்று அதன் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஐந்தாம் அத்தியாயம் முடிந்தது. திரும்பப் படிக்கவில்லை. படித்தால் திருத்துவேன்.

செப்டம்பர் 2, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடிக்க உட்கார வைத்துவிட்டாள். நான் பிடித்தது எதுவும் அம்மா பிடித்தது மாதிரி இல்லை. "எல்லாம் வயித்துக்குள்ளதான போகப் போகுது" என்றேன். "இதே வாயோட போற வீட்லயும் பேசு" என்றாள்.

தூத்துக்குடியிலிருந்து வரும் 15ஆம் தேதி பெண் பார்க்க வருகிறார்களாம். துறைமுகத்தில் வேலை. ஒரே பையன். மூக்கில் குறை இல்லை. சண்டைக்குத் தயாராகி, "எம்மா, தீசிஸ் குடுக்கிற நேரம். இப்பப் போய் ஏன் இதெல்லாம்?" என்று ஆரம்பித்தேன்.

"செரி, அப்பம் அது முடியட்டும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் பூரணம் உருட்டப் போய்விட்டாள். இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தால் எப்படி? சொல்ல வைத்திருந்த அத்தனை நியாயமும் வீணாகப் போயிற்று.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று ஜெசிந்தா கல்லூரியில் பழைய மாணவர் சந்திப்பு. நான் போகவில்லை. நடந்ததை அவள் போனில் சொன்னாள்.

வருகிறவர்களின் பெயரை அகரவரிசையில் அடுக்கும் நிரல் ஜெசிந்தா எழுதியது. என் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்த நிரலைப் பற்றித்தான். மாமியார் அதைக் குடைந்துவிட்டு, குற்றம் இல்லை என்று வாயாரச் சொல்லியிருந்தாள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் பெயர் அட்டை அச்சடித்தார்கள், நாற்காலி போட்டார்கள்.

எஸ். கௌசல்யா என்று ஒருத்தி வந்தாள், அட்டையை வாங்கிக் குத்திக்கொண்டு உள்ளே போனாள். அரைமணி நேரத்தில் இன்னொரு எஸ். கௌசல்யா வந்தாள். தூத்துக்குடியிலிருந்து காரில், பட்டுச்சேலையில். அவளுக்கு அட்டை இல்லை, நாற்காலி இல்லை, பட்டியலில் பெயரே இல்லை.

"'நான் இங்க படிச்சேனா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க'ன்னு பிரின்சிபாலப் போட்டு உலுக்கிட்டாட்டி. எங்க வாத்தியார் ஒருத்தர் வந்து, 'இவ படிக்கவே இல்ல, ஆனா இங்கதான் இருந்தா'ன்னு சாட்சி சொல்லித்தான் உக்கார வச்சோம்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மாமியார் நற்சான்று கொடுத்த நிரல் ஒரு மனுஷியைத் தின்றிருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

ஆய்வகத்தில் இருவரும் உட்கார்ந்து தோண்டினோம். தோண்டவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு கௌசல்யா ஔகாரத்துக்கு உரிய குறியைத் தட்டியிருக்கிறாள். மற்றவள் நம்மில் பாதிப் பேரைப் போல முதலில் கெ தட்டி, பிறகு தனியாக ஒரு ள தட்டியிருக்கிறாள். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று. எழுத்துக்கூட்டி வாசித்தால் இரண்டாவது கெளுத்தி மீனுக்குச் சொந்தம். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர்.

"வேற வேறன்னா ரெண்டு பேரும்லா இருந்திருக்கணும்?" என்றேன்.

"அடுக்கும்போது ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிடச் சொல்லியிருக்கேன். இல்லன்னா கௌதமன் ஒரு பக்கமும் இன்னொரு கௌதமன் வேற பக்கமும் போய்க் கெடப்பான். பாதிச் சனம் அப்பிடித்தானட்டி அடிக்கி."

அவள் செய்ததில் தப்பில்லை. பெயர்களை அடுக்குகிற யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இந்த இடத்தில் இரண்டு சமம் உண்டாகிவிட்டது. அப்படியே ஒத்துப்பார்த்தால் இரண்டு கௌசல்யாவும் வேறு. வரிசையில் நிற்க வைத்தால் இருவரும் ஒன்று. "இல்லாத ஒன்றைச் சேர்த்தால் எண்ணிக்கை ஒன்று கூடவேண்டும்" என்பது விதி. நிரல், ஏற்கனவே இருக்கிறாள் என்று இரண்டாமவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது.

என் நிரூபணத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு சமமும் ஒன்றுதான் என்று எழுதிய வரிக்குக் காரணம் கொடுக்க வேண்டிய இடத்தில் "இது வெளிப்படை" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முழு எண்களுக்கு வெளிப்படைதான். மாமியார் சோதித்ததும் முழு எண்களைத்தான். கௌசல்யாக்களை யார் நினைத்தார்கள்?

தேற்றம் தப்பு. கொஞ்சம் தப்பு என்றெல்லாம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

குளிர்பதனப் பெட்டியைக் கழுவினேன். பரணை ஒழித்தேன். அம்மா, "என்னட்டி பாட்டெல்லாம் பாடுத?" என்றாள். பாடினேனா? கவனிக்கவில்லை.

இனி செப்டம்பர் முப்பதுக்குள் முடிக்க முடியாது என்பது நிச்சயம். இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு எந்த மனசாட்சியுள்ளவளும் கொடுக்கமாட்டாள். ரொம்ப வருத்தமாகத்தான் இருக்கிறது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 12, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே முழுக்கக் கேட்டார்.

"ஓட்டை பெருசா?"

"பெருசு மேடம். இன்னும் ஒரு எக்ஸ்டென்ஷன் கெடச்சா..."

"நீ சந்தோசமா இருக்கிறாப்ல இருக்கே."

"ஐயோ, இல்ல மேடம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்த மாசத்தோட எனக்கு சர்வீஸ் முடியுது. கடைசியா ஒண்ணு கேக்கிறேன்னு சொன்னா ஆறு மாசம் குடுப்பாங்க. கேக்கலாம். ஆனா அதுக்கப்புறம் ஒனக்காகக் கேக்க இங்க ஆள் இருக்காது. புதன்கிழமை வந்து சொல்லு, வேணுமா வேண்டாமான்னு."

வேணும் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. எதற்கும் ஒரு மரியாதைக்குக் கொஞ்சம் முயன்றுவிட்டுச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

ஓட்டையை அடைக்கும் வழி எளிதுதான். டி-யின் இடத்துக்கு வருகிறவருக்கு நிபந்தனை போடவேண்டும். நேற்றிலிருந்து நிபந்தனை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்று போட்டால் அது இன்னொன்றைக் கேட்கிறது. எந்த இடத்திலும் மறுபடி ஒரு கௌசல்யா வந்து நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கதவு போட்டேன். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். பக்கத்தை மேலிருந்து கீழே வாசித்தாள். பிறகு கீழிருந்து மேலே வாசித்தாள்.

"ஏட்டி, டி-ல அடங்கின ஆளுங்க எண்ணி முடிக்கிற கணக்குக்குள்ள இருக்கணும்னு இங்கன போட்டிருக்க."

"ஆமா. அப்பத்தான் மாமியார் ஒண்ணு விடாம சோதிக்க முடியும்."

"ஒவ்வொரு ஆளுக்கும் மேல இன்னொரு ஆளு இருக்கணும்னு கீழ போட்டிருக்க."

"ஆமா. நிரூபணத்துக்கு வேணும்."

"ஒவ்வொருத்தனுக்கு மேலயும் ஒருத்தன் இருந்தா, எண்ணி முடிக்கிற கணக்குக்குள்ள எப்பிடிட்டி நிப்பான்? உச்சியில நிக்கவனுக்கு மேல யாரு, ஆண்டவரா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்படி ஒரு டி உலகத்தில் கிடையாது. முழு எண்களே தேறாது. ஆளே இல்லாத வகைக்கு எந்தத் தேற்றமும் சரிதான். யாரும் வராத வீட்டில் வருகிறவருக்கெல்லாம் விருந்து என்று போர்டு வைப்பதுதான் அது. பொய் சொன்னதாக யாராலும் நிரூபிக்க முடியாது.

"ஒரே ஒரு நிபந்தன போதும்ட்டி இதுக்கு. நீ ஒரு பக்கம் எழுதியிருக்க. ஒனக்கு இது முடியக் கூடாது. அதான் விசயம்."

"கோட்டி மாதிரிப் பேசாத."

"நாலு வருசமா பாக்கேன். ஒவ்வொரு தடவ முடியப் போறப்பவும் புதுசா ஒரு ஓட்டையக் கண்டுபிடிக்க. இந்தத் தடவ நெசமாவே ஓட்ட கெடச்சிட்டு, ஒனக்குத் திருவிழா. முடிச்சா எவன் கூடயாவது அனுப்பிருவாவன்னு பயம். அத ஒங்க அம்மகிட்ட நேரச் சொல்லத் துப்பில்ல, தீசிஸப் போட்டுக் கொல்லுத."

கிளம்பு என்றேன். கிளம்பினாள். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்த மீன் குழம்பைக் கோபத்தோடு சாப்பிட்டேன். நன்றாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

அம்மா விட்டுக்கொடுத்தது பேச்சுக்குத்தான், எப்படியும் வரச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். தூத்துக்குடிக்காரர்கள் வரவில்லை. அவர்கள் சொந்தத்தில் ஏதோ துட்டியாம், சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார்களாம். அம்மா சொன்னாள். "இனி புரட்டாசி பொறந்துரும். புரட்டாசில இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றும் சொன்னாள். அம்மாவுக்குப் பஞ்சாங்கத்தில் இவ்வளவு பிடிப்பு இருப்பது தெரியாது. போன வருடம் புரட்டாசியில் மீன் வாங்கி வந்தவள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மார்க்கெட்டில் தரகர் ஆதிமூலம் அண்ணாச்சி எதிரே வந்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. தூத்துக்குடியில் யார் இறந்தது என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

"துட்டியா? யாருக்கு? எல்லாரும் நல்லாத்தான இருக்காவ." முருங்கைக்காயை மறுகைக்கு மாற்றினார். "ஒங்க அம்மதானம்மா வேண்டாம்னுட்டாவ. ஒனக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்காமே?"

"எப்பச் சொன்னாங்க?" என்றேன்.

"எப்பவும் சொல்லுததுதான். நானும் நாயா அலையுதேன். ஒங்க அம்ம கேக்கிற மாப்பிள்ளைய நான் எங்க போய்ப் பிடிக்க? கல்யாணத்துக்குப் பெறவு பொண்ணோட இந்த வீட்லயே இருக்கணுமாம். ஆனா வீட்டோட மாப்பிள்ளைன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாதாம். நல்ல பெரிய வேலைல இருக்கணுமாம். ஆனா பாளையங்கோட்டையத் தாண்டக் கூடாதாம். நீயே சொல்லு தாயி, அப்பிடி ஒருத்தன் பொறந்திருக்கானா?"

பிறக்கவில்லை என்றேன். அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். அந்த நிபந்தனைகளுக்கு ஆள் கிடையாது. அம்மா எந்தக் கணிதமும் படித்ததில்லை, ஆனால் எனக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டதை நாலு வரியில் செய்திருக்கிறாள்.

முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் போய்விட்டது. அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. நான் ஆய்வகத்திலிருந்து வர ஏழு மணியாகும். அதுவரை அந்த வீட்டில் அவள் யாரோடு பேசுகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள், வயசாகிறது என்றெல்லாம் என்னிடம் கத்திவிட்டு, அந்தப் பக்கம் போய் ஒவ்வொருவரையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளிடமிருந்து தீசிஸின் பின்னால் ஒளிந்தேன். அவள் எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்கவில்லையா என்று அவள்தான் கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

மேடத்தின் அறைக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டேன். நின்றால் மாறிவிடுவேன்.

"எக்ஸ்டென்ஷன் வேண்டாம் மேடம்."

"அஞ்சாம் அத்தியாயம்?"

"பாதி போயிரும்."

"தேற்றம்?"

"சின்னதாயிரும். யாரானாலும்னு சொல்ல முடியாது."

"சின்னது சரியா இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப இங்க ஏன் நிக்க? போய் எழுது."

ஜெசிந்தாவுக்குப் போன் செய்து, வா என்றேன். "மீன் கொழம்பு டப்பாவக் கழுவி வச்சிருக்கியா?" என்றாள். கழுவவில்லை. வந்தாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

பக்கம் நிறைய இருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அடித்தோம். ஜெசிந்தா அடிக்கச் சொல்வாள். நான் இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பேன். "என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்பாள். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கடைசியில் ஒன்று மிஞ்சியது: வரிசையில் சமமாக நிற்கிறவர்கள் உண்மையிலும் சமமாக இருக்கவேண்டும். அதைச் சோதிக்க மாமியாருக்கும் சொல்லிக் கொடுத்தோம். ஜெசிந்தாவின் நிரலைக் கொடுத்ததும், குற்றம் என்று ஒரே நொடியில் சொல்லிவிட்டாள்.

"நான் பெத்த பிள்ளையையே குத்தம் சொல்லுதா பாரு" என்றாள் ஜெசிந்தா. அவளுக்குச் சந்தோஷம்தான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்த வெற்றிக் கதை போய், இரண்டு கௌசல்யாக்களின் கதை வந்துவிட்டது. தேற்றம் எங்கே உடையும் என்பதற்கு அதுதான் உதாரணம். ஆங்கிலத்தில் ஔகாரத்தை விளக்குவதற்குள் தாவு தீர்ந்தது. பட்டுச்சேலையை மேடம் அடித்துவிட்டார்.

எழுதுகிறபோது ஒவ்வொரு பத்திக்கும் எழுந்து நடந்தேன். காபி அதிகம் என்று நினைத்தேன். இல்லை, பயம். இதை முடித்தால் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக யார் கேட்டாலும் தீசிஸ் என்று ஒரு வார்த்தை இருந்தது.

செப்டம்பர் 25, புதன்

"இது வெளிப்படை" என்ற சொல் தீசிஸில் இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினேன். நிறைய. எல்லாவற்றுக்கும் காரணம் எழுதினேன். ஒன்றுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டேன், யாரும் தேடப் போவதில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

பைண்டிங் கடையில் அட்டைக்கு என்ன நிறம் என்று கேட்டான். எதுவானாலும் சரி என்று சொல்ல வாயெடுத்து, கருநீலம் என்றேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டக்கூட இல்லை. அட்டை நிமிர்ந்து நிற்கிறதா என்று மேசையில் நிறுத்திப் பார்த்தார். நின்றது. ரசீது கொடுத்தார். ஆறு வருடம் இப்படி ஒரு நிமிடத்தில் முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மேடம் கை கொடுத்தார். ஜெசிந்தா வராந்தாவிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நீ ஏம்ட்டி அழுத?" என்றால், "ஒனக்கு அழத் தெரியாதே, அதான் நானே அழுதேன்" என்றாள்.

வீட்டில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, குடுத்துட்டேன்."

"எத?"

"தீசிஸ."

"முழுசாவா?"

"முழுசா."

கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவினாள். விரலெல்லாம் வெண்டைக்காய்ப் பிசுபிசுப்பு. "உங்க அப்பா இருந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டாள். நறுக்கவில்லை.

"அப்பம் இனி ஆதிமூலம் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

இதைத்தான் கேட்பாள் என்று பத்து நாளாக எனக்குத் தெரியும். பதிலும் யோசித்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"தூத்துக்குடில யாருக்கும் துட்டி இல்லயாம்மா" என்றேன்.

அம்மா ஒரு வெண்டைக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். "அந்த மனுசன் வாய்ல எதுவும் நிக்காது" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "நெதமும் ஏழு மணிக்கு நீ கேட்டத் தொறக்க சத்தம் கேக்கும் பாத்தியா. அதுக்காவத்தாம்ட்டி. எனக்குத் தெரியும், தப்புதான்" என்றாள்.

"நானும் ஒங்கிட்ட ஒழுங்காச் சொல்லல. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்மா. தீசிஸ் இருந்தாலும் வேண்டாம், இல்லன்னாலும் வேண்டாம். என்னைக்காவது வேணும்னு தோணுச்சுன்னா நானே வந்து சொல்லுவேன். அன்னைக்கு நீ மூக்கப் பாக்கக் கூடாது."

"மூக்கு நெசமாவே நல்லா இல்லட்டி."

"நல்லாத்தான் இருந்துது."

இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெசிந்தா இதைப் பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

அமாவாசை. அம்மா குளித்து, படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வரும்போது போன் அடித்தது. ஆதிமூலம் அண்ணாச்சி. நான் தீசிஸ் கொடுத்தது அதற்குள் அவருக்குப் போய்விட்டது. இந்த ஊரில் எதுவும் நடப்பதற்கு முன்பே போய்விடும்.

அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அம்மா "உம்" கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை "சென்னையா?" என்றாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சென்னைக்காரனுக்கு என்ன குறை சொல்லலாம், பஞ்சாங்கத்தில் எந்த நாளை இழுக்கலாம் என்று தேடுகிறாள். சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

"இல்ல அண்ணாச்சி, பையனுக்கு ஒரு கொறையும் இல்ல. நீங்க கொண்டு வந்த யாருக்கும் ஒரு கொறையும் இல்ல" என்றாள் அம்மா. "பிள்ளைக்கும் படிப்பு முடிஞ்சிட்டு. அவ இப்ப வேண்டாங்கா, அது ஒண்ணு. எனக்கும் அவள அனுப்ப மனசில்ல. அவ்வளவுதான். இனி யாராவது கேட்டா இதையே சொல்லிருங்க."

போனை வைத்துவிட்டு, சாப்பிட வா என்றாள்.